வேன் வீட்டுக்குள் எறும்பு: மருந்தடிப்பதா, இரை வைப்பதா, இடத்தை மாற்றுவதா?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளில் வேன் வீடுகள் வந்து நிற்கும். டெம்போ டிராவலரின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி என்று அமைத்துக்கொண்டவை. சிலர் சீசன் முடிந்ததும் அப்படியே பாபநாசம், திருச்செந்தூர், உவரி என்று மாதக்கணக்கில் அதிலேயே குடியிருக்கிறார்கள். ஒருநாள் காலையில் சர்க்கரை டப்பாவில் நாலு எறும்பு. ஒரு வாரத்தில் தலையணைக்கடியில் எறும்புச் சாரை. மருந்து அடித்தால் இரண்டு நாள் காணாமல் போய், மூன்றாம் நாள் வேறு மூலையிலிருந்து கிளம்பும்.

கட்டிய வீட்டில் பலிக்கும் வைத்தியம் வேனில் பலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. மொத்த இடமே எழுபது சதுர அடிக்குள். சமைப்பதும் படுப்பதும் அங்கேயே. அடுப்புக்குக் கீழே அடிக்கும் மருந்து தலையணைக்கும் சேர்த்துத்தான். வெளித் தகட்டுக்கும் உள்பக்கப் பிளைவுட்டுக்கும் நடுவே வெப்பம் தாங்கத் திணித்த தெர்மகோல், ஃபோம் எல்லாம் எறும்புக்குக் கட்டிக்கொடுத்த வீடு. அதற்குள் கையும் போகாது, மருந்தும் போகாது.

அதனால் எதையும் வாங்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். புற்று வேனுக்குள் இருக்கிறதா, வெளியே மண்ணில் இருக்கிறதா? மற்ற முடிவெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வேனைச் சுற்றி வாருங்கள். தரையைத் தொடுவது, வெளியிலிருந்து வந்து தொடுவது எல்லாவற்றையும் பாருங்கள்: நான்கு டயர், ஜாக்கிக் கால்கள், கரண்ட் வயர், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு, பந்தல் துணியின் கயிறு, கூரையை உரசும் கிளை. இவற்றில் ஒன்றிலாவது சாரை ஏறி இறங்கினால் புற்று பெரும்பாலும் வெளியே. எதிலும் இல்லாமல் உள்ளே மட்டும் ஊர்ந்தால் அவை உள்ளேயே குடிவைத்துவிட்டன. சந்தேகமாக இருந்தால் எல்லா வயரையும் குழாயையும் கழற்றிவிட்டு, நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு சிமெண்ட் களத்தில் ஓர் இரவு நிறுத்துங்கள். மறுநாள் காலை பழைய அளவுக்கே எறும்பு இருந்தால், அதிலும் வெள்ளை வெள்ளையாக முட்டையும் புழுவும் தூக்கிக்கொண்டு திரிந்தால், புற்று உள்ளேதான்.

மழைக்காலத்தில் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்பார்கள். நனைந்த தோப்பில் அதற்குக் கிடைக்கும் உயரமான, காய்ந்த திட்டு உங்கள் வேன். ஐப்பசி, கார்த்திகையில் வயக்காட்டு ஓரம் ஒரே இடத்தில் பத்து நாள் நின்ற வண்டிக்குள், வெளியே இருந்த கூட்டம் அப்படியே குடிபெயர்ந்துவிடும். சித்திரை வெயிலில் வருவது வேறு காரணத்துக்கு: தண்ணீருக்கு. அப்போது சிங்க்கும் ஏ.சி. சொட்டும் இடமும்தான் அதன் குறி.

எந்த எறும்பு என்பதும் பாதி விடை சொல்லும். நீண்ட மீசையோடு கிறுக்குப் பிடித்தாற்போல் அங்குமிங்கும் ஓடும் சின்னக் கறுப்பு எறும்பைப் பல வீடுகளில் பிள்ளையார் எறும்பு என்பார்கள். கடிக்காது. ஆனால் நினைத்த இடத்தில் குடியை மாற்றிக்கொள்ளும். தலை கறுத்து, உடம்பு கண்ணுக்கே தெரியாத வெளிறலாக இருப்பது ஒன்று. மஞ்சள் கலந்த பழுப்பில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருப்பது இன்னொன்று. சித்தெறும்பு என்று நாம் மொத்தமாகச் சொல்லும் இந்தப் பொடிசுகளின் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். வேனுக்குள் தங்கிவிடும் பிடிவாதக்காரர்கள் பெரும்பாலும் இவைதாம். சுள்ளென்று கடிக்கும் செவ்வெறும்பு பொதுவாக மண்ணில் இருந்துகொண்டு உணவுக்கு மட்டும் ஏறி வரும். மாமரத்திலும் முந்திரியிலும் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, கிளை கூரையைத் தொட்டால் இறங்கும். அதற்கு மருந்தே வேண்டாம், கிளையை விலக்கினால் போதும். தோப்பில் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் எறும்பு அது. கொல்வது தோப்புக்காரருக்கு நட்டம்.

இனி வழிகள். கை முதலில் போவது ஸ்பிரே டப்பாவுக்குத்தான், வேனுக்கு ஆகவே ஆகாததும் அதுதான். வெளியே சாரையில் தெரிவது கூட்டத்தில் ஒரு சிறு பங்கு. ராணியும் குஞ்சும் தகட்டுக்குள் பத்திரமாக இருக்கும். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்பிரேக்கள் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகையைச் சேர்ந்தவை. எறும்பு அவற்றை உணர்ந்து விலகும். பல ராணிகள் உள்ள கூட்டத்தை இப்படி விரட்டினால் அது இரண்டாக, மூன்றாகப் பிரிந்து ஆளுக்கொரு ராணியோடு வேறு வேறு மூலையில் குடியேறும். “அடிச்சேன், கூடிப்போச்சு” என்று பலர் சொல்வது வெறும் புலம்பல் இல்லை, அப்படியேதான் நடக்கிறது. இன்னொன்று, டப்பாவிலிருந்து மருந்தைத் தள்ளுவது எரியக்கூடிய வாயு. கேஸ் அடுப்பும் இன்வெர்ட்டரும் உள்ள மூடிய பெட்டிக்குள் அதை அடிப்பது விபரீதம்.

எறும்புச் சாக்பீஸிலும் அதே வகை நஞ்சுதான். கோட்டைத் தாண்டாமல் சுற்றிப் போகும். வேனுக்குள் சுற்றிப் போக வழிக்கா பஞ்சம்? வண்டி ஓடும் குலுக்கலில் அந்தத் தூள் உதிர்ந்து தட்டிலும் பாயிலும் விழும். தவழும் குழந்தை இருந்தால் எடுக்கவே வேண்டாம்.

எறும்புப் பொடி விஷயத்தில் பழைய பழக்கம் இன்னும் விடவில்லை. நம் ஊர் வீடுகளில் ஒருகாலத்தில் வாசல்படி ஓரமெல்லாம் தூவிய பி.எச்.சி. பொடி 1997-லேயே தடை செய்யப்பட்டது. வாடைக்கே பூச்சி சாகும் என்று வாங்கிய டைகுளோர்வாஸும் 2020-ன் முடிவோடு தடையாயிற்று. எங்காவது பரணில் மிச்சம் கிடந்தாலும் வேனுக்குள் கொண்டுவராதீர்கள். இப்போது விற்கும் பொடிகளை வெளியே, டயரைச் சுற்றி நாலு விரல் அகலத்தில் போடுபவர்கள் உண்டு. வறண்ட தரையில் சில நாள் தாங்கும். சாரல் ஒன்று போட்டால் கரைந்து ஓடும். இந்த வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. தாமிரபரணிக் கரையிலோ வாய்க்கால், குளத்தோரமோ நிற்கும்போது இதைத் தொடக்கூடாது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர்கள் குடிக்கின்றன.

நெல் மூட்டைக்குள் வைக்கும் மாத்திரையை வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் எல்லாம் சாகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது விடும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். ஃபோமிலும் மெத்தையிலும் தங்கி, திறந்த பிறகும் கசியும். இதில் “கொஞ்சமாக” என்ற பேச்சே இல்லை.

மஞ்சள், கற்பூரம், வேப்பெண்ணெய், எலுமிச்சை, வசம்பு எல்லாம் சாரையின் வாசத்தைக் கெடுத்து ஒருநாள் திசை திருப்பும். அவ்வளவுதான். வழித்தடத்தைத் துடைக்க ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்தது இவை அத்தனையையும்விட மேல். பட்ட எறும்பும் சாகும், தடமும் அழியும்.

புற்று வெளியே என்றால் கையிலெடுக்க வேண்டியது தடுப்பு. பாட்டி வீட்டு அலமாரிக் காலுக்கடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்த அதே யோசனைதான். ஜாக்கிக் கால் ஒவ்வொன்றையும் ஓர் அகலமான டப்பாவுக்குள் நிறுத்தி, இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றிச் சில சொட்டு சோப்பு விடுங்கள். வெறும் தண்ணீரில் சின்ன எறும்பு மிதந்து கடந்துவிடும். சோப்பு விட்டால் மூழ்கும். இதில் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடிக் காற்று வீசும் நாட்களில், காலையில் ஊற்றிய தண்ணீர்மேல் மாலைக்குள் மண்ணும் சருகும் படிந்து பாலமாகிவிடும். தேரிக்காட்டுச் செம்மணலும் அப்படியே. காற்றுக் காலத்தில் தினம் இரண்டு தடவை பார்க்க முடியாதென்றால் தண்ணீரை நம்பாதீர்கள். காற்றில்லாத இடத்திலும் நாலு நாளைக்கொரு முறை கொட்டிவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் எறும்புக்குப் பதில் கொசு வளரும்.

கிரீஸ் தடவுவது ஜாக்கி இரும்புக்கும் சங்கிலிக்கும் நல்லது. மூன்று விரல் அகலம் போதும். தூசி படிந்து மேலே தோல் கட்டினால் வழித்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். டயரில் மட்டும் கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். கரண்ட் வயரிலும் தண்ணீர்க் குழாயிலும் தடவுவதானால் முதலில் பிளாஸ்டிக் டேப் சுற்றி, அதன்மேல் வாஸ்லின். வயர் தரையில் கிடக்காமல் ஒரு கம்பில் தூக்கிக் கட்டினால் காவல் காக்க வேண்டிய இடம் ஒன்றாகச் சுருங்கும்.

டயர்தான் தலைவலி. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவர்கள் வெல்டிங் பட்டறையில் மூன்று மில்லிமீட்டர் தகட்டில், இரண்டு அங்குல விளிம்பு வைத்து, டயரைவிட எல்லாப் பக்கமும் நாலு அங்குலம் பெரிதாக நான்கு தட்டு செய்துகொள்ளலாம். வண்டியை ஜாக்கியில் தூக்கித்தான் அடியில் தள்ள வேண்டும். ஓட்டி ஏற்றினால் விளிம்பு மடங்கிவிடும். அதில் சோப்புத் தண்ணீர். இரண்டு மூன்று நாள் தங்கலுக்கு இந்தப் பாடு வேண்டாம், நிறுத்தும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தால் போதும்.

இடம் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். தென்னந்தோப்பில் கீழ்மட்டை கறுத்து, இலை பிசுபிசுத்தால் அது வெள்ளை ஈ வேலை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்ட சுருள் வெள்ளை ஈ பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அது கழிக்கும் தேன்போன்ற நீர் வேன் கூரையில் சொட்டினால் எறும்பு கூரை வழியாகவே வரும். மாவுப்பூச்சி பிடித்த கொய்யா, செம்பருத்தி அடியிலும் அப்படித்தான். “அண்ணாச்சி, எந்த மரத்தடியில முசுறு இல்ல?” என்று தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வண்டியை நிறுத்துங்கள்.

வேறு இடத்துக்குப் போய்விடுவது செலவில்லாத வழி. புற்று வெளியே இருந்தால் நூறு மீட்டர் தள்ளி நிறுத்துவதே பாதித் தீர்வு. உள்ளே இருந்தால் திருச்செந்தூர் போனாலும் கூடவே வரும்.

உள்ளே குடிவைத்துவிட்டால் வழி ஒன்றுதான்: நஞ்சு கலந்த இரை. எறும்பு தின்றதைக் கக்கி ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்டும். நாம் எட்டாத தகட்டு இடுக்குக்குள் நம் மருந்தை அதுவே சுமந்து போகும். அதற்கு நஞ்சு மெதுவாக வேலை செய்ய வேண்டும். தின்றவுடன் செத்தால் ஊட்ட ஆளில்லை. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். இரையில் கலக்கும் நஞ்சான போரிக் ஆசிடைக் கைநிறையப் போட்டால் எறும்பு கிண்ணத்தோரத்திலேயே செத்துக் கிடக்கும். அதைப் பார்த்து மருந்து பலித்தது என்று மகிழ்வார்கள், கூட்டுக்கோ ஒன்றும் ஆகியிருக்காது. கரப்பானுக்கு விற்கும் ஜெல்லும் இதே காரணத்தால் எறும்புக்குச் சரிவராது. ஜெல் வாங்குவதானால் எறும்புக்கென்றே அச்சிட்டதைக் கேளுங்கள்.

அளவு இது. வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 10 கிராம், போரிக் ஆசிட் 1 கிராம். தராசு இல்லையென்றால் போரிக் தலைதட்டிக் கால் டீஸ்பூன், சர்க்கரை தலைதட்டி இரண்டரை டீஸ்பூன். அடியில் துகள் தெரியாமல் கரையும்வரை கலக்குங்கள். போரிக் மருந்துக்கடையில் கிடைக்கும். கேரம் போர்டு பவுடரில் சிலதுதான் போரிக். டப்பாவில் எழுதியிருந்தால் ஒழிய வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் (போராக்ஸ்) வாங்கினால் 1 கிராமுக்குப் பதில் ஒன்றரை கிராம் போட வேண்டும். அங்கேயும் “பொரிக்காத வெண்காரம்” என்று சொல்லிக் கேளுங்கள். பச்சை வெண்காரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர்தான். பொரித்ததில் அது போய்விடுவதால் அதே எடைக்கு வீரியம் இரட்டிப்பாகி, அளவு கெட்டுவிடும்.

மூடியுள்ள சின்ன மாத்திரை டப்பாக்களில் பக்கவாட்டில் மூன்று மில்லிமீட்டர் துளை இரண்டு போட்டு, உள்ளே பஞ்சு வைத்து, பஞ்சு நனையுமளவு மட்டும் கரைசல் விடுங்கள். தளும்பினால் எறும்பு மூழ்கும். ஐந்தாறு டப்பா வேண்டும்: சிங்க்கின் கீழ், ஃபிரிட்ஜ் பின்னால், சக்கரத்துக்கு மேலுள்ள பெட்டிக்குள், தண்ணீர்த் தொட்டி ஓரம், டேஷ்போர்டு அடியில். சாரைக்கு இரண்டு விரல் தள்ளி, இருபக்க டேப்பில் ஒட்டி வையுங்கள். வண்டியை எடுக்குமுன் டப்பாக்களை எடுத்துவிடுங்கள், கரைசல் வயரிங்கில் கொட்டினால் அது வேறு செலவு. டப்பாமேல் “விஷம்” என்று எழுதுங்கள். மிச்சக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை, நாய் எட்டாத இடமா என்று இரண்டு தடவை பாருங்கள்.

முதல் இரண்டு நாள் எறும்பு பெருகியதுபோல் தெரியும். பயந்து துடைத்துவிடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள். இரை வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் இரண்டும் வீண். வெயிலில் தண்ணீர் வற்றி நஞ்சு கெட்டிப்படும், சர்க்கரையும் புளிக்கும். இரண்டு நாளைக்கொரு முறை பஞ்சோடு மாற்றுங்கள். ஐந்தாறு நாளில் சாரை மெலியும். முழுக்க ஓய மூன்று வாரம் பிடிக்கும். பல ராணிக் கூட்டமென்றால் அதற்கும் மேல்.

இனிப்பை எறும்பு சீண்டவே இல்லையா? இரவில் ஓர் அட்டையில் சர்க்கரைத் தண்ணீர், நெய், பொடித்த கருவாடு மூன்றையும் தனித்தனிச் சொட்டாக வைத்துப் பாருங்கள். எதில் மொய்க்கிறதோ அதில் கலக்க வேண்டும். நெய்க்கோ கருவாட்டுக்கோ போனால், வறுத்த கடலைப் பொடியும் நெய்யும் பிசைந்த 20 கிராம் உருண்டையில் 1 கிராம் போரிக் சேருங்கள்.

இரை வைத்த நாட்களில் வேறு தீனி கிடைக்கக்கூடாது. இங்கேதான் திருநெல்வேலி அல்வா காரியத்தைக் கெடுக்கும். பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உள்தாளைத் தாண்டி நெய் ஊறி, வெளிக் காகிதத்தில் கண்ணாடிபோல் ஒரு வட்டம் தெரியும். அதை அலமாரியில் வைத்து எடுத்தால் பலகையிலும் அதே வட்டம். அல்வா தீர்ந்த பிறகும் அந்தக் கறையைத் தேடி எறும்பு வந்துகொண்டே இருக்கும். வாங்கியதும் ரப்பர் வளையம் வைத்த டப்பாவுக்கு மாற்றி, பலகையைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எதுவானாலும் அப்படியே. திருகு மூடி மட்டும் போதாது, புரி வழியாகவே சித்தெறும்பு நுழையும். இரவில் சிங்க்கை ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள்.

பூச்சி மருந்தடிப்பவர்களைக் கூப்பிடுவது தவறில்லை. ஆனால் வந்தவுடன் உள்ளே ஒரு சுற்று அடித்துவிட்டுப் போவதுதான் பலருக்கு வழக்கம். என்ன மருந்து என்று பெயரைக் கேளுங்கள். எறும்பு உணராத வகை, அதாவது பிப்ரோனில் போன்றது, அடிச்சட்டத்திலும் டயரைச் சுற்றிய தரையிலும் மட்டும், நீர்நிலை பக்கத்தில் இல்லாதபோது. உள்ளே எறும்பு ஜெல் மட்டும். இதற்குச் சம்மதித்தால் கூப்பிடலாம். செவ்வெறும்புப் புற்று சூழ்ந்த இடத்தில் கைக்குழந்தையோடு தங்கியே ஆகவேண்டியவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். கடித்தபின் முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓட்டை அடைப்பதை எறும்பு ஓய்ந்த பிறகு செய்யுங்கள். முன்பே அடைத்தால் உள்ளே மாட்டியது வேறு வழி துளைத்துக் கட்டிலுக்கு வரும். வயரும் குழாயும் தரையைத் துளைத்து வரும் இடம், பின்விளக்குக் கூடு, கதவு ரப்பர் விரிந்த மூலை, கூரை விசிறியின் ஓரம், இவைதாம் முக்கிய வாசல்கள். ஸ்பிரே ஃபோமால் அடைக்காதீர்கள், எறும்பு அதைக் குடைந்து கூடு கட்டும். பெரிய ஓட்டையில் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைத் திணித்து மேலே பி.யு. (பாலியூரிதேன்) சீலண்ட் பூசுங்கள். சாதா இரும்பு நார் உவரி, மணப்பாடு உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். கேஸ் சிலிண்டர் பெட்டியின் அடியிலுள்ள காற்றுத் துளையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே எறும்பு வந்தால் பெட்டிக்குள்ளேயே ஓர் இரை டப்பா வையுங்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஓர் இரவு, வெள்ளைத் தாளில் பட்டாணி அளவு அல்வாவைச் சிங்க் ஓரம் வைத்துவிட்டுப் படுங்கள். விடியும்போது தாள் வெறிச்சென்று இருந்தால் சீலண்டை எடுக்கலாம். நாலு எறும்பாவது ஊர்ந்தால் கரைசலைப் புதிதாகக் கலந்து இன்னும் இரண்டு வாரம் வையுங்கள்.